பேட்டிங் வரிசை மாறினால் என்ன தீர்ப்பு? சாஃப்ட்பால் அம்பயர், ஸ்கோரர், கோச்சுகளுக்கான முழுமையான வழிகாட்டி

வரிசை மாறி பேட் செய்ததாக அப்பீல் (ஃபீல்டிங் அணியின் முறையீடு) வந்ததும் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, "சரி, யார் அவுட்?" இந்தக் கேள்வியில் தொடங்கினால் தீர்ப்பு தப்பாகத்தான் போகும். யார் அவுட் என்பது கடைசியில் தானாக வந்து நிற்கும் விடை. அதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: இப்போது உண்மையில் யாருடைய முறை, தப்பு எந்த நேரத்தில் பிடிபட்டது. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

எடுத்துக்காட்டுகளுக்கு ஒன்பது பேர் கொண்ட ஓர் அணியை வைத்துக்கொள்வோம். உயிரெழுத்து வரிசையிலேயே பெயர் கொடுத்திருக்கிறேன், அடுத்தவர் யார் என்று திரும்பிப் பார்க்கத் தேவையிருக்காது: அனிதா, ஆயிஷா, இந்து, ஈஸ்வரி, உமா, ஊர்மிளா, எழில், ஏஞ்சல், ஐஸ்வர்யா. முறைப்படி வந்திருக்க வேண்டியவரை 'உரியவர்' என்றும், அவர் இடத்தில் வந்து நின்றவரை 'மாறி வந்தவர்' என்றும் சொல்கிறேன்.

விதிகள் யுஎஸ்ஏ சாஃப்ட்பால் புத்தகத்தின் 7-ஆம் விதி, 2-ஆம் பிரிவை ஒட்டியவை. மற்ற சாஃப்ட்பால் புத்தகங்களிலும் அடிப்படை இதுதான். வேறுபடும் ஓர் இடத்தை 5-ஆம் படியில் சொல்கிறேன்.

1. ஆட்டத்துக்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவை

அம்பயரிடம் கொடுத்து ஏற்கப்பட்ட லைன்-அப் ஷீட்தான் (பேட்டிங் வரிசைப் பட்டியல்) ஒரே ஆதாரம். டக்-அவுட் சுவரில் ஒட்டியிருக்கும் தாளுக்கும், கோச்சின் கைபேசியில் இருக்கும் பட்டியலுக்கும் மதிப்பில்லை. பாதித் தப்புகள் இங்கேதான் பிறக்கின்றன. கோச் கடைசி நிமிடத்தில் இரண்டு பெயரை மாற்றி அம்பயரிடம் கொடுத்திருப்பார், சுவரில் பழைய தாளே இருக்கும். வீராங்கனைகள் பார்ப்பது சுவரைத்தான்.

ஸ்கோரர் பெயரோடு ஜெர்சி எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும். மைதானத்தில் கண்ணுக்குத் தெரிவது எண் மட்டும்தான். ஷீட்டில் எண் தவறாக எழுதப்பட்டிருந்தால் அது வரிசைத் தப்பு ஆகாது. எண்ணைத் திருத்திவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும், கடைசியாகத் தன் முறையை முடித்த பேட்டர் யார் என்று கோடு போட்டுக் குறித்துவிடுங்கள். அவுட் ஆனாலோ, ரன்னராக மாறினாலோதான் முறை முடிந்ததாகக் கணக்கு. பேட் பிடித்து நின்றாலே முடிந்ததாக ஆகாது.

இது ஏன் முக்கியம்? இரண்டு அவுட், பேட் செய்வது உமா, கணக்கு (பேட்டருக்கு எதிரான பால், ஸ்ட்ரைக் எண்ணிக்கை) 1 பால், 2 ஸ்ட்ரைக். அந்த நேரத்தில் பேஸ் திருடப் போன ரன்னர் பிடிபட்டு மூன்றாவது அவுட் ஆகிவிடுகிறார். உமாவின் முறை முடியவில்லை. அடுத்த இன்னிங்ஸை அவர்தான் தொடங்க வேண்டும், கணக்கு புதிதாக 0-0. ஆனால் "உமா போயிட்டு வந்துட்டா" என்று ஊர்மிளாவை அனுப்பிவிடுவார்கள். நான் பார்த்த வரிசைத் தப்புகளில் அதிகம் இந்த வகைதான்.

2. இது வரிசைத் தப்பா, மாற்று ஆட்டக்காரர் சிக்கலா?

மாறி வந்தவரின் பெயர் தற்போதைய பேட்டிங் வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மட்டுமே இது வரிசைத் தப்பு.

பெயர் வரிசையில் இல்லை, பெஞ்சில் இருந்தவர் அம்பயரிடம் சொல்லாமல் வந்திருக்கிறார் என்றால் அது அறிவிக்கப்படாத மாற்று. அதற்கு விதி வேறு, தண்டனை வேறு. வெளியே போன தொடக்க ஆட்டக்காரர் ஒருமுறை திரும்பி வரலாம், ஆனால் தன் பழைய இடத்துக்கே வர வேண்டும். வேறொருவர் இடத்தில் நுழைந்தால் அது சட்டவிரோத மறுநுழைவு. அதுபோல, ஷீட்டில் பத்தாவது பெயராக இருக்கும் ஃப்ளெக்ஸ் ஆட்டக்காரர் பேட் செய்ய வேண்டுமானால் டிபி-யின் (ஃப்ளெக்ஸுக்குப் பதிலாக பேட் செய்யக் குறிக்கப்பட்டவர்) இடத்தில் மட்டுமே செய்யலாம். வேறு இடத்தில் வந்தால் அதுவும் இந்த வழிகாட்டிக்குள் அடங்காது.

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேராகத் தீர்ப்புக்குப் போகிறவர்கள், மாற்று விதியின் தண்டனையையும் வரிசை விதியின் தண்டனையையும் கலந்து புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

3. உரியவர் யார் என்று கண்டுபிடிப்பது

கடைசியாகச் சட்டப்படி முறையை முடித்தவர் யார்? அவர் பெயருக்கு அடுத்த பெயர்தான் உரியவர். அவ்வளவுதான்.

'சட்டப்படி' என்ற சொல்லைக் கவனியுங்கள். தப்பாக வந்தவரின் முறைகூட, யாரும் அப்பீல் செய்யாமல் நேரம் கடந்துவிட்டால் சட்டப்படியானது ஆகிவிடும். அதனால் தப்பு எங்கே ஆரம்பித்தது என்று இரண்டு இன்னிங்ஸ் பின்னால் போய்த் தோண்டத் தேவையில்லை. கடைசியாக உறுதியான முறையிலிருந்து எண்ணினால் போதும்.

4. எப்போது பிடிபட்டது?

மூன்று நேரங்கள் உண்டு. மூன்றுக்கும் மூன்று தீர்ப்பு.

*முதல் நேரம்: மாறி வந்தவர் இன்னும் பேட் செய்துகொண்டிருக்கிறார்.* இதில் தண்டனையே கிடையாது. உரியவர் வந்து நிற்க வேண்டும், இருக்கும் கணக்கை அப்படியே ஏற்க வேண்டும். இந்துவின் முறையில் ஈஸ்வரி வந்து 2 பால், 1 ஸ்ட்ரைக் ஆனபின் தெரிந்தால், இந்து 2-1 கணக்கில் தொடங்குவார். அதற்குள் அனிதா இரண்டாவது பேஸைத் திருடியிருந்தால் அது செல்லும். பேட்டிங் அணியே தன் தப்பைக் கண்டு திருத்திக்கொள்ளலாம்.

*இரண்டாம் நேரம்: மாறி வந்தவர் முறையை முடித்துவிட்டார், அடுத்த பேட்டருக்கு இன்னும் ஒரு பிட்ச்கூட (பிட்சர் வீசும் பந்து) போகவில்லை.* அப்பீலுக்கு உயிர் இருப்பது இங்கேதான். ஃபீல்டிங் அணி கேட்டால் மட்டுமே தீர்ப்பு.

*மூன்றாம் நேரம்: அடுத்த பேட்டருக்கு ஒரு பிட்ச் போய்விட்டது.* அந்தப் பிட்ச் சட்டப்படியானதோ, இல்லீகல் பிட்ச்சோ, வித்தியாசம் இல்லை. அதோடு கதவு மூடியது. மாறி வந்தவர் செய்த எல்லாம் செல்லும், ரன்னும் செல்லும், யாரும் அவுட் இல்லை. அடுத்து வர வேண்டியவர், மாறி வந்தவருக்கு அடுத்த பெயர். இடையில் தவறவிடப்பட்டவர் தன் முறை மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னிங்ஸ் முடிந்த நிலையில் அடுத்த பிட்ச் என்ற அளவுகோல் உதவாது. அப்போது, பிட்சரும் இன்ஃபீல்டர்கள் எல்லோரும் தங்கள் இடத்தை விட்டு, ஃபேர் பகுதியைத் தாண்டி டக்-அவுட் நோக்கிப் போய்விட்டார்களா என்று பாருங்கள். போயிருந்தால் அப்பீல் உரிமை போய்விட்டது. ஷார்ட்ஸ்டாப் இன்னும் கோட்டுக்கு உள்ளே நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தால் உரிமை இருக்கிறது.

5. இரண்டாம் நேரத்துத் தீர்ப்பு: முதலில் அவுட், பிறகு ரன்னர்கள், கடைசியில் அடுத்த பேட்டர்

இந்த மூன்றையும் இதே வரிசையில் அறிவியுங்கள். அடுத்த பேட்டரை முதலில் கூப்பிட்டுவிட்டு ரன்னரைத் திருப்பி அனுப்பப் போனால் களேபரம்தான்.

சூழல்: அனிதா இரண்டாவது பேஸில். இந்துவின் முறை. ஈஸ்வரி வந்து சிங்கிள் அடிக்கிறார், அனிதா ஹோமுக்கு வந்துவிடுகிறார். அடுத்த பிட்ச்சுக்கு முன் ஃபீல்டிங் கோச் அப்பீல் செய்கிறார்.

அவுட்: இந்து. பேட்டையே தொடாதவர் அவுட் ஆவது புதியவர்களுக்கு உறுத்தும். மாறி வந்த ஈஸ்வரியைத்தானே தண்டிக்க வேண்டும் என்று தோன்றும். விதி பார்ப்பது, தன் முறைக்கு வராமல் போனவர் யார் என்பதை மட்டுமே.

ரன்னர்கள்: ஈஸ்வரியின் அடியால் கிடைத்த எல்லாம் ரத்து. அனிதா இரண்டாவது பேஸுக்குத் திரும்ப வேண்டும், ரன் கழிக்கப்படும், ஈஸ்வரி முதல் பேஸிலிருந்து இறங்க வேண்டும். சிங்கிளுக்குப் பதில் வாக் (நான்கு பால் ஆகி முதல் பேஸ் கிடைப்பது), எர்ரர் (ஃபீல்டரின் பிழை), உடம்பில் பந்து பட்டது, கேட்சர் தவறவிட்ட மூன்றாவது ஸ்ட்ரைக் என எப்படி முதல் பேஸுக்குப் போயிருந்தாலும் இதே கதைதான்.

அடுத்த பேட்டர்: அவுட் கொடுக்கப்பட்ட இந்துவுக்கு அடுத்த பெயர். அதாவது ஈஸ்வரியேதான். இப்போதுதான் பேஸிலிருந்து இறக்கப்பட்டவர் மறுபடி பேட் எடுத்துக்கொண்டு வருவார், கணக்கு 0-0. "அவ ஏற்கெனவே ஆடிட்டாளே" என்று உமாவை அழைப்பது அம்பயர்களே செய்யும் தப்பு. ரத்தான முறையை ஆடியதாகக் கணக்கில் எடுக்க முடியாது.

இதில் ஒரு நுணுக்கம். ஈஸ்வரி பேட் செய்யும்போது, பந்தை அடிப்பதற்கு முன்பே, பிட்சர் தாறுமாறாக வீசியதில் அனிதா மூன்றாவது பேஸுக்கு வந்திருந்தார் என்று வையுங்கள். பிறகுதான் சிங்கிள். இப்போது அனிதா திரும்ப வேண்டியது மூன்றாவது பேஸுக்கு, இரண்டாவதுக்கு அல்ல. அடியால் வந்த முன்னேற்றம் மட்டுமே ரத்து. அதனால் ஸ்கோரர் ஒவ்வொரு முன்னேற்றத்தையும் எதனால் வந்தது என்று குறித்திருக்க வேண்டும். குறிக்காவிட்டால் இரண்டு கோச்சுகளின் ஞாபகசக்தியை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் நிலை வரும்.

இப்போது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும் இடம். ஈஸ்வரி சிங்கிள் அடிக்காமல், உயரமாக அடித்து கேட்ச் ஆகிவிட்டார். அப்புறம் அப்பீல் வருகிறது. யுஎஸ்ஏ சாஃப்ட்பால் விதியில், தப்பு தெரிவதற்கு முன் விழுந்த அவுட் நிற்கும். ஆகவே ஈஸ்வரியும் அவுட், இந்துவும் அவுட். ஈஸ்வரி இப்போதுதான் அவுட் ஆனதால் அவரைத் தாண்டி உமா வருவார். வேறு சில புத்தகங்களில் வரிசைத் தப்புக்கான அவுட், மாறி வந்தவரின் அவுட்டை விழுங்கிவிடும். அப்போது ஒரே அவுட், ஈஸ்வரி மறுபடி பேட் செய்வார். பேஸ்பாலில் அந்த ஆட்டத்தில் ரன்னர் ஆன அவுட்கூட ரத்தாகிவிடும், அதனால் பேஸ்பால் பார்த்துப் பழகியவர்கள் இங்கே கண்டிப்பாகச் சண்டை போடுவார்கள். எந்தப் புத்தகத்தில் ஆடுகிறோம் என்பதை, ஆட்டத்துக்கு முன் ஹோம் பிளேட்டில் கூடும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

6. சங்கிலித் தப்பு

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். தப்பைவிடத் தப்பைச் சரிசெய்யும் முயற்சிதான் அணிகளை அதிகம் கெடுக்கிறது.

இந்துவின் முறையில் ஈஸ்வரி ஆடி முதல் பேஸுக்குப் போய்விட்டார். யாரும் அப்பீல் செய்யவில்லை. பேட்டிங் கோச்சுக்கு இப்போது விளங்குகிறது. "ஐயோ, இந்துவை விட்டுட்டோம்" என்று இந்துவை அனுப்புகிறார். பிட்சர் ஒரு பந்து வீசுகிறார்.

அந்த ஒரே பிட்ச்சில் ஈஸ்வரியின் முறை சட்டப்படியானதாகிவிட்டது. ஈஸ்வரிக்கு அடுத்து உமா. ஆக இப்போது உரியவர் உமா, பேட் பிடித்து நிற்கும் இந்து மாறி வந்தவர்! பட்டியலைப் பார்த்தால் விடுபட்டவர் வந்துவிட்டது போலத் தெரியும். விதிப்படி இது இரண்டாவது தப்பு.

இந்து ஆடிக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டால் உமா வந்து அந்தக் கணக்கை ஏற்பார். இந்து அடித்து பேஸுக்குப் போனபின் அப்பீல் வந்தால் உமா அவுட், இந்து இறங்க வேண்டும், அடுத்து ஊர்மிளா. பேட்டிங் கோச் செய்திருக்க வேண்டியது, முதல் பிட்ச்சுக்கு முன் உமாவை அனுப்புவது. இந்துவின் முறை போனது போனதுதான்.

சங்கிலி எவ்வளவு நீண்டாலும் கேள்வி ஒன்றே: கடைசியாகச் சட்டப்படி முடித்தவருக்கு அடுத்தவர் யார்?

7. உரியவர் பேஸில் நிற்கிறார் என்றால்?

அபூர்வம், ஆனால் வந்தால் மைதானமே நின்றுவிடும். அனிதாவின் முறையில் இந்து வந்து முதல் பேஸுக்குப் போகிறார். அடுத்து அனிதாவை அனுப்புகிறார்கள். பிட்ச் போனதும் இந்துவின் முறை உறுதி. அனிதாவும் தப்பாக வந்தவர்தான், ஆனால் யாரும் கேட்கவில்லை. அவர் சிங்கிள் அடிக்க, இந்து இரண்டாவது பேஸில். அடுத்து ஆயிஷாவுக்குப் பிட்ச் போனதும் அனிதாவின் முறையும் உறுதி. அனிதாவுக்கு அடுத்தவர் ஆயிஷாதான், ஆகவே இது சரியான வரிசை. ஆயிஷா வாக் வாங்க, இந்து மூன்றாவது பேஸுக்கு வந்துவிட்டார்.

இப்போது உரியவர் யார்? ஆயிஷாவுக்கு அடுத்த இந்து. அவரோ மூன்றாவது பேஸில் நிற்கிறார்.

பேஸில் இருப்பவரை இறக்கி பேட் செய்யச் சொல்லக் கூடாது. இந்து அங்கேயே நிற்கட்டும். அவுட் இல்லை, தண்டனை இல்லை, முறையை மட்டும் இழக்கிறார். அடுத்து ஈஸ்வரி வருவார்.

8. அந்த அவுட் மூன்றாவது அவுட்டாக இருந்தால்

இரண்டு அவுட். இந்துவின் முறையில் ஈஸ்வரி அடித்தார், அப்பீலில் இந்து அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. அடுத்த இன்னிங்ஸைத் தொடங்குவது யார்? இந்து சாதாரணமாக ஆடி அவுட் ஆகியிருந்தால் யார் வந்திருப்பாரோ அவர், அதாவது ஈஸ்வரி. ஸ்கோர் ஷீட்டில் ஈஸ்வரியின் கட்டத்தில் ஏதோ எழுதியிருப்பதைப் பார்த்து உமாவை அழைத்தால், இன்னிங்ஸின் முதல் பந்திலேயே புதிய வரிசைத் தப்பு உருவாகும்.

9. வாயைத் திறக்க வேண்டியவர், திறக்கக் கூடாதவர்

அம்பயரும் ஸ்கோரரும் தாங்களாகச் சொல்லக் கூடாது. கண்ணெதிரே தப்பு நடந்தாலும், எந்தப் பக்கத்துக்கும் ஜாடைகூடக் காட்டக் கூடாது. ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருக்கும் மாணவிகளுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள். "சார், ஆள் மாறிடுச்சு!" என்று அங்கிருந்து வரும் ஒரு குரல் ஆட்டத்தையே திருப்பிவிடும். அப்பீல் வந்தபின் அம்பயர் ஸ்கோரரிடம் கேட்டால், அப்போது ஷீட்டைக் காட்டலாம்.

முறை முடிந்தபின் அப்பீல் செய்யும் உரிமை ஃபீல்டிங் அணிக்கு மட்டுமே: மேனேஜர், கோச், ஆட்டக்காரர் யார் வேண்டுமானாலும் செய்யலாம். டைம் கேட்டு வாங்கி, பிளேட் அம்பயரிடம் போய், "இந்து ஆட வேண்டிய முறையில் ஈஸ்வரி ஆடினார், அப்பீல் செய்கிறோம்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஏதோ வரிசை சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் அம்பயர் உங்களுக்காக ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை.

ஃபீல்டிங் கோச்சுகளுக்கு ஒரு வார்த்தை. மாறி வந்தவர் பேட் பிடித்து நிற்கும்போதே கத்தாதீர்கள். அப்போது கத்தினால் எதிரணிக்கு இலவசத் திருத்தம், உங்களுக்கு ஒன்றுமில்லை. முறை முடியும்வரை காத்திருங்கள். அடித்து பேஸுக்குப் போனால் உடனே டைம். பிட்சர் அவசரப்பட்டு அடுத்த பந்தை வீசிவிடாமல் பார்த்துக்கொள்வது கேட்சரின் வேலை, இதை அவருக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருக்க வேண்டும். மாறி வந்தவர் அவுட் ஆகிவிட்டால், அவுட் நிற்கும் விதியில் அப்பீல் செய்து இரண்டாவது அவுட்டையும் வாங்குங்கள். விழுங்கிவிடும் விதியில் ஆடுகிறீர்கள் என்றால் யோசியுங்கள்: அப்பீல் செய்தால் அதே ஒரு அவுட்தான், ஆனால் அவர்களுடைய நான்காம் இடத்து அதிரடி பேட்டர் மறுபடி வந்து நிற்பார். சும்மா இருந்தால் உமா வருவார்.

10. ஸ்கோர் ஷீட்டில் எழுதுவது

மாறி வந்தவர் பேஸுக்குப் போய், அப்பீலில் அது ரத்தானால், அவர் கட்டத்தில் எழுதியதை ரப்பரால் அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள். பிறகு தகராறு வந்தால் அது தெரிய வேண்டும். அவுட்டை உரியவரின் கட்டத்தில் எழுதி, புட்-அவுட்டை (அவுட் ஆக்கியவர் என்ற கணக்கை) கேட்சருக்குக் கொடுப்பது வழக்கம். ரத்தான ரன்னை அணியின் மொத்தத்திலிருந்தும், அடித்தவர், ஓடியவர் இருவரின் கணக்கிலிருந்தும் கழிக்க வேண்டும். மொத்தத்தில் மட்டும் கழித்துவிட்டு விட்டுவிடுகிறவர்களுக்கு ஆட்டம் முடிந்து கூட்டும்போது கணக்கு ஒரு ரன் உதைக்கும்.

நேரம் கடந்து உறுதியான முறை என்றால், ஆடியவரின் கட்டத்தில் ஆடியபடியே எழுதுங்கள். விடுபட்டவரின் கட்டத்தைக் காலியாக விட்டு, 'முறை தவறியது' என்று சின்னதாகக் குறித்தால் போதும். அதை நிரப்பப் பார்த்து யாருடைய எண்களையும் அங்கே நகர்த்த வேண்டாம்.